கணக்கில் வராத நடை

"பாதை எங்கே மேடம்?" என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். முதுகில் மூட்டையும் காலில் புது பூட்ஸுமாகத் தொட்டிமட்டம் வாசலில் நின்றுகொண்டு, எதிரே இருக்கும் காட்டை ஏதோ ஏமாற்றப்பட்டவர்கள் மாதிரிப் பார்ப்பார்கள். ஜெசிந்தாவும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்வாள்.

"பாதை கிடையாது சார். அதுதான் இங்க விசேஷமே. இந்தக் கோலைக் கையில பிடிச்சுக்கோங்க. இடது பக்கம் அதிர்ந்தா இடது பக்கம் போங்க, வலது பக்கம் அதிர்ந்தா வலது பக்கம். உங்களுக்கு முன்னாடி போனவர் கால் பட்ட இடத்துல உங்க கால் படாது. உங்க பின்னாடி வர்றவர் கால் நீங்க மிதிச்ச இடத்துல படாது."

"ஏன் இவ்வளவு சிரமம்?"

"ஒரே இடத்துல ஆயிரம் பேர் நடந்தா புல்லு சாகும். புல்லு செத்தா மண்ணு இறுகி வாய்க்கால் ஆகும். மழை பெய்ஞ்சா அந்த வாய்க்கால் மலையையே பிளந்துட்டு வரும். முன்னாடி அப்படித்தான் வந்துச்சு. நடந்துக்கிட்டிருந்தவங்களோட சேர்த்து."

அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். மண்சரிவில் பழைய பாதை போனது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதற்குப் பிறகுதான் மேற்குமலை நெடுந்தடத்தை மறுபடி திறந்தார்கள். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர், இருநூற்றுப் பன்னிரண்டு பகுதிகள், பகுதிக்கு ஒரு ஊர்க்குழு, குழுக்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேரவை. பேரவைக்கும் மேலே, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்றாலும், கோல்களை இயக்கும் கணிப்பான். எந்த அங்குலத்தில் இதுவரை எத்தனை கால் பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியும். குறைவாகக் கால்பட்ட இடமாகப் பார்த்து அடுத்தவரை அனுப்பும்.

தொட்டிமட்டத்திலிருந்து கூடலணை வரைக்குமான ஏழு கிலோமீட்டருக்கு ஜெசிந்தா காப்பாளர். பாதை போட்டுச் சம்பளம் வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. பாதை விழாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவள் அவள். பதினான்கு வருஷம். காட்டைப் பற்றிக் கேட்டால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்வந்துவிடுவேன் என்பாள். அது வெறும் பீற்றல் இல்லை, உண்மையிலேயே போவாள். காப்பாளர்களுக்குக் கோல் கிடையாது. கோல் இருந்தால் அவர்கள் காலடியும் கணிப்பானில் ஏறி, நடையாளர்களின் விவரத்தைக் குழப்பிவிடும் என்று ஆரம்பத்திலேயே விதி போட்டுவிட்டார்கள். காப்பாளர் நடை கணக்கில் சேராது. அந்த வரியை அவள் ஒரு கௌரவமாகவே நினைத்திருந்தாள்.

முன்பெல்லாம் வாரம் ஒருமுறை சுற்றினால் போதும். சென்ற ஆண்டு வடக்கே ஒரு பகுதியில் வடு விழுந்ததும் பேரவை பதறிப்போய், ஜனவரியிலிருந்து எல்லாப் பகுதியிலும் தினமும் சோதனை என்று உத்தரவு போட்டது. வடு என்றால் கண்ணுக்குத் தெரியும் பாதை. வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் அறுபது நாளைக்குமேல் ஒரு கோடு மறையாமல் இருந்தால் அதற்கு அந்தப் பெயர். வடு விழுந்தால் முப்பது நாளுக்குள் காரணம் சொல்ல வேண்டும். காரணம் ஒரு ஆள் என்றால் அந்த ஆளுக்கு ஐந்து வருஷத் தடை. காரணம் தெரியாவிட்டால் பகுதிக்கே ஐந்து வருஷம் ஓய்வு. ஓய்வு என்பது மரியாதையான வார்த்தை. தொட்டிமட்டத்தின் நாற்பது வீடும் நடையாளர்களுக்குச் சோறு போட்டும் படுக்க இடம் கொடுத்தும்தான் பிழைத்தன. ஐந்து வருஷம் மூடினால் ஊரையே மூடியது மாதிரி.

ஏப்ரல் மாதம் தொட்டிமட்டத்துக்கு அந்த அறிவிப்பு வந்தது. நடுவில் இருக்கும் புல்வெளிச் சரிவில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு.

ஜெசிந்தா அன்றைக்கே போய்ப் பார்த்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அவள் கால் நேராக அதில்தான் போய் நின்றது. ஒரு சாண் அகலத்துக்குப் புல் படுத்துப்போய், இங்கொன்றும் அங்கொன்றுமாக மண் தெரிந்தது. எவனோ காட்டை நன்றாகத் தெரிந்தவன் என்று அவளுக்கு உடனே பட்டது. பாறையை எங்கே சுற்ற வேண்டும், எங்கே ஏறினால் மூச்சு வாங்காது, எல்லாம் கச்சிதமாக இருந்தது. தானே நடந்தாலும் இப்படித்தான் நடப்போம் என்று நினைத்து, எரிச்சலோடு கொஞ்சம் பாராட்டக்கூடச் செய்தாள். வழியில் பதினோரு இடத்தில் வட்டமாகப் புல் வழித்துக்கொண்டு போயிருந்தது. சுமையை இறக்கி வைக்கிற இடங்கள் என்று குறித்துக்கொண்டாள்.

காட்டைத் தெரிந்தவன், உள்ளூர்க்காரன், தினமும் போகிறவன், சுமை தூக்குகிறவன். இதற்கெல்லாம் பொருந்துகிற ஆள் தொட்டிமட்டத்தில் ஒருவர்தான். சங்கிலி.

சங்கிலி தேயிலை ஃபாக்டரியில் காலை ஷிப்ட் பார்க்கிறவர். ஜனவரியில் அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கூடலணை ஆஸ்பத்திரியில் நெடுநாள் வார்டில் கிடக்கிறாள். பேச்சில்லை. நர்ஸ் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள், சங்கிலி ஊட்டினால் மட்டும் விழுங்குவாள். வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் இருக்கலாம் என்றால், வேலையை விட்டால் ஃபாக்டரி வீடும் போய்விடும். அதனால் பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கஞ்சித் தூக்கும் துவைத்த துணி மூட்டையுமாகக் காட்டில் இறங்கி, இரண்டரைக்கு வார்டில் நிற்பார். நாலரைக்குக் கிளம்பி இருட்டுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்வார். பஸ்ஸில் சுற்றிப் போனால் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர், போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம்.

மே மாதம் ஊர்க்குழு கூடியது. தலைவர் நஞ்சப்பன், நடையாளர் விடுதி நடத்துகிறவர், முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா படங்களைச் சுவரில் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினாள். பதினோரு வட்டங்களுக்கு வந்ததும் சங்கிலியைப் பார்த்து, மூட்டையை இறக்கி வைக்கிற இடம் இதுதானே என்று கேட்டாள்.

"நான் மூட்டையை எறக்குறதே இல்ல மேடம். எறக்கினா தூக்க முடியாது. கோலு எங்கிட்டு ஆட்டுதோ அங்கிட்டுத்தான் போறேன்."

கோலில் அவர் நடை சிதறியேதான் பதிவாகியிருந்தது. ஆனால் கோலைத் துணியில் சுருட்டி மூட்டைக்குள் வைத்தால் அது இடம் குழம்பித் தாறுமாறாகப் பதியும், அப்படி ஏமாற்றுகிற வித்தை பல பகுதிகளில் நடந்திருக்கிறது என்று ஜெசிந்தா சொன்னாள். அது உண்மைதான். குழு தலையாட்டியது. குழுவுக்கு அன்று ஒரு காரணம் வேண்டியிருந்தது, காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. முப்பதில் இருபத்தாறு நாள் முடிந்திருந்தது.

சங்கிலி உட்காரப் போனவர் மறுபடி எழுந்து நின்றார். "கோவிச்சுக்கக் கூடாது. மேடம் எந்தப் பக்கமா நடந்து போறீங்க?"

"எனக்கு எதுக்குண்ணே பக்கம்? எனக்குத்தான் காடே அத்துப்படியாச்சே" என்றாள் ஜெசிந்தா. எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலியும் மரியாதைக்குச் சிரித்தார். கை தூக்கச் சொன்னார்கள், எட்டுக் கை எழுந்தது. கூட்டம் முடிந்து டீ வந்தது.

தடை விழுந்த பிறகு சங்கிலி ஷிப்ட் இல்லாத புதனும் ஞாயிறும் மட்டும் பஸ்ஸில் போய்வந்தார். மூன்றாவது வாரம் பஞ்சவர்ணத்துக்கு மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள். மற்ற ஐந்து நாளும் சோறு அதன் வழியாகத்தான் இறங்கியது. இதை அவர் யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்கும் தெரியும். பாவம்தான், ஆனால் விதி விதிதானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். செய்த காரியம் சரி என்று நம்புகிறவர்களுக்கு இந்தச் சமாதானம் லேசாகக் கிடைத்துவிடும்.

வடு மட்டும் ஆறவில்லை. ஜூனில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனுஷன் திருட்டுத்தனமாகக் காட்டில் இறங்குகிறார் என்று முடிவுகட்டி, ஜெசிந்தா சோதனையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆக்கினாள். ஜூலையில் கோடு விரல் ஆழத்துக்கு இறங்கியது. ஆளைப் பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்டில் அவளுக்கு டெங்கு வந்தது. இருபத்திரண்டு நாள் படுக்கை. மாற்றுக் காப்பாளர் யாரும் கிடைக்காததால், அவசரத்துக்குப் பேரவையே வானத்துப் படத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டது. இருபதாவது நாள் நஞ்சப்பன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். முகமெல்லாம் பல்.

"ஆற ஆரம்பிச்சிருச்சுங்க அம்மிணி. படத்துல பச்சை தெரியுது. நீங்க சொன்னதுதான் சரி. அந்தாளு பயந்து நிறுத்திப்புட்டாரு."

அவள் எழுந்து வேலைக்குப் போன நாள் நல்ல மழை. வாசலில் சிவப்புக் கொடி ஏற்றி, கூடலணை வாசலையும் மூடச் சொல்லி, நடையாளர் யாரையும் உள்ளே விடவில்லை. காப்பாளருக்குக் கொடி எந்த நாளும் தடையில்லை. சரிவில் இளம்புல் முளைத்திருந்தது. விரல் நீளம்கூட இல்லாத புல், பார்க்க ஆசையாக இருந்தது. வழக்கம்போல வழக்கமான இடங்களில் நின்று, ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு கூடலணை வாசல் வரைக்கும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் திரும்பினாள்.

ஆறாவது இடத்துக்கு வந்தபோது புல் நசுங்கியிருந்தது. வட்டமாக, முறுக்கிவிட்ட மாதிரி. காலையில் முளைவிட்டு நின்ற அதே இடம்.

யாரும் உள்ளே வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கொடியை ஏற்றியதே அவள்தான். பிறகு மதியப் படம் எடுக்க வேண்டுமே என்று காமிராவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றும்போது குதிகால் அந்த முறுக்கில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

படம் எடுக்கும் இடங்கள் பதினொன்று. எண்ண வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் எண்ணினாள். எண்ணி முடிக்கும்போது தொப்பலாக நனைந்திருந்தாள். அவமானம். எவ்வளவு நிச்சயமாகச் சுவரில் விரல் வைத்துக் காட்டினோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அன்று மாலை பேரவைக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையானவள். ஜெசிந்தா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, காரணம் என்கிற கட்டத்தில் நடையாளர் எண்தான் போட முடியும், காப்பாளருக்கு எண் கிடையாது என்றாள்.

"நான் எழுதித் தர்றேன்மா. அது என் கால்தான்."

"புரியுது மேடம். ஆனா காப்பாளர் நடை கணக்குல வராது. கணக்குல வராத நடை வடு உண்டாக்கினதா நாங்க பதிய முடியாது. வேணும்னா சங்கிலிங்கிறவர் பேரை எடுத்துடலாம். எடுத்தா காரணம் தெரியாத வடுன்னு ஆயிடும்."

"அப்படி ஆனா?"

"பகுதிக்கு ஓய்வு. அஞ்சு வருஷம்."

நஞ்சப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. புல் ஆறிக்கொண்டு வருகிறது, இனிமேல் அவள் தினம் ஒரு பக்கமாகக் காலை மாற்றி வைத்து நடந்தால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

"ஒருத்தர் பஸ்ல போறாரு. இல்லாட்டி நாப்பது வீட்டுல அடுப்பு அணையும். நீங்களே சொல்லுங்க அம்மிணி, எதுங்க பெருசு?"

ஒரு வாரம் காலை மாற்றி மாற்றி வைத்துத்தான் நடந்தாள். புல் சமர்த்தாக வளர்ந்தது. அது வளர வளர, சங்கிலிதான் குற்றவாளி என்பது இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூடலணையில் கையெழுத்துப் போட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பஞ்சவர்ணம் மெலிந்து கிடந்தாள். மூக்கில் குழாய், அது அசையாமல் இருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி. நர்ஸ் சொன்னாள், தினமும் வாய் வழியாக ஒரு வேளை சாப்பிட்டால் குழாயை எடுத்துவிடலாம், இப்படியே விட்டால் விழுங்குவதையே மறந்துவிடுவாள் என்று. ஜெசிந்தா ஒரு ஸ்பூன் கஞ்சியை எடுத்து நீட்டிப் பார்த்தாள். பஞ்சவர்ணம் அவளைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை ஜெசிந்தா பேரவையின் இணையதளத்தில் ராஜினாமா அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பதினான்கு வருஷத்துக்கு அது கொஞ்சம் குறைச்சலான நேரமாகத்தான் தோன்றியது. உடனே அதே தளத்தில் நடையாளராகப் பதிந்தாள். பெயர், வயது, ரத்த வகை. எண் வந்தது. விதிகளை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். ஒரு வடுவுக்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். வடு விழுந்த கோட்டிலேயே ஒரு நடையாளர் பிடிவாதமாக நடந்தால், கணிப்பான் அவரைத்தான் காரணமாக எடுத்துக்கொண்டு, பழைய பெயரைத் தானாகவே விடுவித்துவிடும். காரணம் ஒன்று இருப்பதால் பகுதிக்கும் ஓய்வு வராது.

மறுநாள் புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தொட்டிமட்டம் வாசலில் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் கோல். கோலின் பேச்சைக் கேட்காமல் தன் பழைய வழியில் போக வேண்டும் என்பதுதான் திட்டம். திமிர் பிடித்த ஆள் மாதிரி மனசைத் தயார் செய்துகொண்டு புல்வெளிக்கு வந்து சேர்ந்தாள். கோல் வலது பக்கம் மெல்ல அதிர்ந்தது. திரும்பினாள். மறுபடி கொஞ்சம் இடது. பத்தடி நடந்த பிறகுதான் புரிந்தது. கோல் அவளை அவளுடைய கோட்டிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

வடு என்று ஏப்ரலிலிருந்து எல்லோரையும் விலக்கி அனுப்பிய இடம், பச்சை கண்டதும் மறுபடி திறந்துவிட்டது. கோலின் கணக்கில் அங்கே அதிகம் பேர் கால் வைத்ததில்லை. பக்கத்துப் புல் எல்லாம் பலர் மிதித்தது. அவள் ஏழு மாதம் உழுத அந்த ஒரு சாண் மட்டும் ஏறக்குறையப் புதுத்தரை.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு செய்யலாம் என்று வந்தால் முதல் தடவை அது தப்பாகவே இல்லை. மூன்று கிலோமீட்டரும் கோல் சாதுவாகக் கூடவே வந்தது. பதினோரு இடத்திலும் நின்று, காமிரா இல்லாமல், ஒரு சுற்றுச் சுற்றினாள். சரிவின் மறுமுனையில் திரும்பி அதே வழியில் நடந்தபோது கோல் தயங்கித் தயங்கி அதிர்ந்தது. மூன்றாவது தடவை கை மரத்துப்போகிற அளவுக்கு உதறியது. நாலாவது தடவை வாய் திறந்து பேசியது: நீங்கள் வடு உண்டாக்குகிறீர்கள், தயவுசெய்து விலகி நடக்கவும். இதைத்தானே நான் ஏப்ரலில் இருந்து தேடிக்கொண்டிருந்தேன் என்று அவள் கோலுக்குப் பதில் சொன்னாள். காலடியில் இளம்புல் சாய்ந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது தடவை, ஒன்பதாவது வட்டத்தில், கோல் அடங்கியது. பச்சை விளக்கு அணைந்தது. பையில் போன் சத்தம் போட்டது. வடுவின் காரணம் உறுதி செய்யப்பட்டது, உங்களுக்கு ஐந்து ஆண்டு தடை, அருகிலுள்ள வாசல் வழியாக வெளியேறவும். அதன் கீழேயே இன்னொரு வரி: முந்தைய தடை ரத்து, சங்கிலி.

அருகிலுள்ள வாசல் கூடலணை. வெளியே வந்து செத்த கோலை ஒப்படைத்தபோது மணி நாலேகால். கால் இரண்டும் கெஞ்சின. எதிரே பஸ் ஸ்டாண்டில் நாலு நாற்பது வண்டி நின்றுகொண்டிருந்தது. சங்கிலி கீழே நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். வார்டிலிருந்து நேராக வந்திருப்பார் போல, காலித் தூக்கு தோளில் தொங்கியது.

போனை எடுத்து அந்த வரியைக் காட்டினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு அவள் பூட்ஸைப் பார்த்தார். குதிகாலில் புல் சக்கை அப்பியிருந்தது.

"அது நான்தாண்ணே. ஆரம்பத்துல இருந்தே நான்தான்."

"தெரியும் மேடம்" என்றார் சங்கிலி. "அன்னைக்குக் கேட்டேனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஜெசிந்தா அழுதாள், அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அவள் குடித்தாள்.

"மணி ஆகுது. அஞ்சு மணிக்கு வாசலைச் சாத்திருவாங்க. உங்க கோல் உள்ளே தயாரா இருக்கு, போங்க" என்றாள்.

"நீங்க வரலையா?"

"நீங்க நடந்து போங்கண்ணே. நான் பஸ்ல வர்றேன்."

அவர் பஸ்ஸுக்குள் ஏறி, ஜன்னல் ஓரமாகத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்த தன் சீட்டைக் காட்டி, அவள் உட்கார்ந்த பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மலைப்பாதையில் இடது பக்கம் உட்கார்ந்தால்தான் வாந்தி வராது என்று கீழே நின்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.